எறிபொருள் ஊசல்

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை உந்த அழிவின்மை விதியைக் கொண்டு அளக்கும் கருவி. பாலிஸ்டிக் ஊசல் என்றும் வழங்கும். தொங்கவிட்ட கனமான கட்டையில் குண்டு புதைய, கட்டை எழும்பும் உயரத்திலிருந்து குண்டின் வேகம் கணிக்கப்படுகிறது.

இங்கிலாந்துக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் இதை விவரித்தார். இரும்புத் தகட்டின் முகப்பில் மரப்பலகை பொருத்தித் தொங்கவிட்டு, அடியில் கட்டிய நாடா இழுபடும் நீளத்தால் ஊசலின் வீச்சை அளந்தார். மஸ்கெட் குண்டு விநாடிக்குச் சுமார் 1,700 அடி பாய்வது தெரிந்தது. தள்ளித் தள்ளி நின்று சுட்டபோது, காற்றின் தடை அக்காலத்தார் நினைத்ததைவிட மிக அதிகம் என்பதும் வெளிப்பட்டது. கருவியின் உண்மையான வெற்றி இதுவே. 1745இல் இந்நூலை ஜெர்மனில் பெயர்த்து, நீண்ட குறிப்புகளும் சேர்த்தவர் கணித மேதை ஆய்லர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், 1751இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

10 கிராம் குண்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து 1.99 கிலோ கட்டையில் புதைவதாகக் கொள்வோம். குண்டின் உந்தம் 0.01 × 400 = 4 கிலோகிராம் மீட்டர்/விநாடி. மோதிய பின் இந்த உந்தம் 2 கிலோ நிறைக்கு உரியதாகிறது. ஆகவே கட்டையும் குண்டும் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்து, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்கின்றன.

இயக்க ஆற்றலின் கதை வேறு. மோதலுக்கு முன் 800 ஜூல். பின் 4 ஜூல் மட்டுமே. மீதி மரத்தைப் பிளப்பதிலும் வெப்பத்திலும் ஒலியிலும் போய்விடுகிறது. மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுதான். கட்டை எழும்பிய ஆற்றலை அப்படியே குண்டின் ஆற்றலாக எடுத்துக்கொண்டால் விடை விநாடிக்கு 28 மீட்டர் என்று வரும். வேகப்பந்து வீச்சாளர் எறியும் பந்தே அதைவிட விரைவு! மோதும் கணத்துக்கு உந்தம், மேலெழும் பகுதிக்கு ஆற்றல் என்று கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

குண்டு கட்டைக்குத் தரும் கணத்தாக்கு 3.98 நியூட்டன் விநாடி. மோதல் 0.0004 விநாடி நீடித்தால் சராசரி விசை சுமார் 10,000 நியூட்டன். அதற்குள் கட்டை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. கயிறு செங்குத்தாகவே நிற்பதால் அதன் இழுவிசைக்குக் கிடைமட்டக் கூறும் இல்லை. கிடைமட்ட உந்தம் மாறாதிருப்பது இதனால்தான்.

கயிற்றுக்குப் பதிலாக உறுதியான தண்டில் தொங்கும் ஊசலுக்கு இந்த எளிய கணக்கு போதாது. அச்சு தரும் விசையும் குறுக்கிடுவதால், அங்கே அச்சைப் பொறுத்த கோண உந்தத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். இப்போது குண்டின் வேகத்தை மின்னணுக் கருவிகள் அளக்கின்றன. ஊசல் கல்லூரி ஆய்வகங்களில் மட்டும், சுருள்வில் ஏவும் உலோகக் குண்டுகளோடு, புழக்கத்தில் இருக்கிறது.