பாலர் நாடக சபைகளும் வரலாற்று மாந்தர் வேடமும்

பாலர் நாடக சபை என்பது சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்டு இயங்கிய தொழில்முறை நாடகக் குழு ஆகும். 'பாய்ஸ் கம்பெனி' என்றும் மக்கள் அழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகம் முழுவதும் இச்சபைகள் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தின. வரலாற்று மாந்தராக வேடமேற்று நடிக்கும் மரபு தமிழ் மேடையில் வேரூன்ற, இச்சபைகளில் வளர்ந்தவர்களே பெரிதும் காரணம்.

தோற்றம்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பெரிய நடிகர்களிடம் ஒழுங்கு குறைந்திருந்த காலத்தில், சிறுவர்களுக்கு முறையாகப் பாடம் சொல்லி நடிக்க வைப்பதே வழி என்று கருதினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டி.கே. சண்முகத்திற்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் நிலைத்த செய்தி.

சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பயிற்சியும் அதன் விலையும்

சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கினர். வாத்தியார் சொல்லிக் கொடுக்கும் வசனத்தையும் பாட்டையும் மனப்பாடம் செய்தனர். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். உச்சரிப்பு, இசை, மேடை ஒழுக்கம் ஆகிய மூன்றும் இளமையிலேயே படிந்தன.

ஆனால் இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. வறுமையால் பிள்ளையைக் கம்பெனியில் விட்ட பெற்றோர் பலர். பலருக்குப் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. குரல் உடையும் பருவத்தை நாடகத்தார் 'மகரக்கட்டு' என்பர். அது வந்துவிட்டால் பாடும் வேடம் போய்விடும்; சில வேளை பிழைப்பே போய்விடும். புகழ்பெற்ற சிலரின் பெயர்களை நாம் அறிவோம். பெயர் தெரியாமல் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு.

புராணத்திலிருந்து வரலாற்றுக்கு

தொடக்கத்தில் இச்சபைகள் பெரும்பாலும் புராண நாடகங்களையே நடத்தின. பின்னர் வரலாற்று மாந்தர் மேடைக்கு வந்தனர். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' ஆனார். அரு. ராமநாதன் எழுதிய 'இராஜராஜ சோழன்' நாடகத்தை டி.கே.எஸ். குழு 1955-இல் அரங்கேற்றியது. பக்த ராமதாசர் வரலாற்றில் நவாப் வேடம் ஏற்ற ராஜமாணிக்கம் 'நவாப் ராஜமாணிக்கம்' ஆனார். பாலர் சபையில் வளர்ந்த கணேசன், அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பாராட்டித் தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார். வேடமே பெயராக மாறும் அளவுக்கு இம்மரபு வலிமை பெற்றிருந்தது.

நாடகம் வேறு, சான்று வேறு

இவ்வலிமையில் ஓர் ஆபத்தும் உண்டு. வீரபாண்டிய கட்டபொம்மன் 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. ஆனால் ஜாக்சனிடம் அவர் பேசுவதாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மேடைதோறும் முழங்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. ஔவையார் என்ற பெயரிலும் வெவ்வேறு காலங்களில் புலவர் பலர் வாழ்ந்தனர். மேடையிலோ அவர்கள் ஒருவராகி விடுகின்றனர். இவை நாடகத்தின் குறையல்ல. இரண்டையும் பிரித்துக் காட்ட ஆளில்லாதபோது, நாடகாசிரியரின் கற்பனையே சான்றாக நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். 1874-இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் தோன்றிய இயக்கம் சட்டாக்குவா. அப்பெயரில் பின்னாளில் எழுந்த வரலாற்று நிகழ்ச்சிகளில், வேடமிட்டவர் முதலில் அம்மாந்தராகப் பேசுவார். அடுத்து அவராகவே இருந்து அவையோரின் கேள்விகளுக்கு விடை தருவார். கடைசியில் வேடத்தை விட்டு வெளியே வந்து, எது சான்று, எது ஊகம் என்று விளக்குவார். இளைஞர்களுக்கும் இவ்வாறே பயிற்சி தரப்படுகிறது. மனப்பாடம் மட்டும் இங்கே போதாது; படித்திருக்க வேண்டும்.

புதுவைக் கிராமங்களில் உள்ள வாய்ப்பு

இம்முறைக்கு வேண்டிய மாந்தரும் சான்றும் புதுவைக் கிராமப்புறத்தில் நிறையவே உண்டு. புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் உள்ள திருவாண்டார்கோயிலே திருஞானசம்பந்தர் பாடிய திருவடுகூர். அங்குள்ள பஞ்சநதீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளை உடையது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாகூர்ச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் அவருடைய சொற்களே கிடைக்கின்றன. வசனத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அந்த 170 பேரில் ஒருவராக ஒரு மாணவர் பேசலாம். எட்டுப் பேரில் ஒருவராக இன்னொருவர் பேச நேர்ந்தால், பிரெஞ்சு ஆட்சியை ஒருவர் ஏன் விரும்பியிருக்கக்கூடும் என்று அவர் தேடிப் படித்தாக வேண்டும். தமக்கு உடன்பாடில்லாத ஒருவரின் நியாயத்தைச் சான்றோடு எடுத்துரைக்கப் பழகுவதே இப்பயிற்சியின் பெரும்பயன்.

பாலர் சபைகள் தந்த நாவன்மையையும் மேடை ஒழுக்கத்தையும் இன்றைய பள்ளி தன் பாடவேளைக்குள்ளேயே தரமுடியும். அதற்காக எந்தப் பிள்ளையும் படிப்பை விட வேண்டியதில்லை. குரல் உடைந்ததென்று யாரும் வெளியேற வேண்டியதும் இல்லை.