அறுந்த தந்தி வடங்கள்: 1929ஆம் ஆண்டு நியூபவுண்ட்லாந்து ஆழிப்பேரலையும் அட்லாண்டிக் கரையோர இடரும்

முன்னுரை

ஆழிப்பேரலை என்றதும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. அட்லாண்டிக் பெருங்கடலில் அது அரிது, எனினும் இல்லாததன்று. 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையிலுள்ள பூரின் தீபகற்பத்தைத் தாக்கிய பேரலை இதற்குச் சான்று. அந்நிகழ்வைக் கடலடித் தந்தி வடங்கள் பதிவுசெய்த முறையையும், கரையில் நிலவிய தொடர்பின்மையையும் ஒப்பிட்டு, இடர் என்பதன் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வு

அன்று மாலை 5.02 மணிக்குத் தீவுக்குத் தெற்கே சுமார் 250 கி.மீ. தொலைவில், கிராண்ட் பேங்க்ஸ் என்னும் மீன்வளம் மிக்க கண்டத்திட்டின் தென்விளிம்பில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையில் வீடுகள் அதிர்ந்தனவேயன்றிப் பெருஞ்சேதம் விளையவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திற்குப் பின் துறைமுகங்களில் நீர் உள்வாங்கியது. அதனைத் தொடர்ந்து மூன்று பேரலைகள் கரையேறின. சில குடாக்களில் நீர் 13 மீட்டர் உயரம் வரை ஏறியது. இப்பேரழிவில் 28 பேர் உயிரிழந்தனர். வீடுகளும் படகுகளும் மட்டுமன்றி, குளிர்காலத்திற்கெனச் சேமித்த உணவும் எரிபொருளும் கடலோடு போயின.

வடங்கள் தந்த சான்று

நிலநடுக்கத்தால் கண்டச்சரிவில் ஏறத்தாழ 200 கன கி.மீ. படிவு சரிந்தது. பேரலைக்கு முதன்மைக் காரணம் இக்கடலடிச் சரிவே. அது அட்லாண்டிக்கைக் கடந்த 12 தந்தி வடங்களை அறுத்தது. நடுக்க மையத்தை அடுத்திருந்த வடங்கள் உடனடியாகவும், ஆழத்திலிருந்தவை தெற்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகவும் அறுந்தன. இறுதி வடம் 13 மணி நேரத்திற்குப் பின்னரே அறுந்தது. ஒவ்வொரு வடமும் செயலிழந்த நேரம் பதிவாகியிருந்தது. அந்நேரங்களைக் கொண்டு, சேறும் மணலும் கலந்த கலங்கல் நீரோட்டம் கடற்படுகையில் விரைந்து சென்றதை புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் ஆகியோர் 1952இல் நிறுவினர்.

கரையின் மௌனம்

ஆழ்கடலின் நிகழ்வு மணிக்கணக்கில் பதிவாகியிருக்க, கரையின் துயரம் மூன்று நாள்கள் வெளியுலகை எட்டவில்லை. தீபகற்பத்தின் தரைவழித் தந்தி இணைப்பு முந்தைய புயலிலேயே பழுதாகியிருந்தது. நவம்பர் 21 அன்று வழக்கமான பயணத்தில் வந்த போர்ஷியா என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தி வாயிலாகவே செய்தி தலைநகர் செயின்ட் ஜான்சைச் சேர்ந்தது. மறுநாளே மருத்துவர்களும் செவிலியர்களும் மெய்கில் கப்பலில் வந்தடைந்தனர். ஆதலின், தாமதம் உதவியில் நேர்ந்ததன்று, செய்தியில் நேர்ந்தது. கண்டங்களை இணைத்த வடங்கள் தீவின் தெற்கே கடலடியில் கிடந்தன. அத்தீவின் மீனவச் சிற்றூர்களுக்கோ பழுதான ஒரு கம்பியே துணை.

முடிவுரை

இந்நிகழ்விலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிலநடுக்க அளவை மட்டும் கொண்டு அட்லாண்டிக் இடரைக் கணிக்க இயலாது. தட்டு எல்லைகளுக்கு அப்பாலும் கண்டச்சரிவுகளில் திரண்ட படிவுகள் ஆழிப்பேரலையை எழுப்பவல்லன. இரண்டாவது, நடுக்கத்திற்கும் அலைக்கும் இடைப்பட்ட இரண்டரை மணி நேரம் மேட்டுநிலம் சேரப் போதுமானது. அன்று குறைவுற்றது காலமன்று. நடுக்கத்தை அலையின் முன்னறிவிப்பாக உணரும் அறிவும், அதனைப் பரப்பும் வழியுமே. 2004ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடற்பேரழிவுக்குப் பின், 2005இல் யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம் கரீபியனுக்கும் வடகிழக்கு அட்லாண்டிக்குக்கும் எச்சரிக்கை அமைப்புகளுக்கான ஒருங்கிணைப்புக் குழுக்களை நிறுவியது. அத்தகு அமைப்புகளின் பயன், செய்தி கடைசிச் சிற்றூரை எட்டுவதில்தான் அடங்கியுள்ளது என்பதைப் பூரின் வரலாறு முன்னரே உணர்த்தியிருக்கிறது.