பினாங்குப் பங்சாவான் அரங்கில் உடைமாற்றமும் இடைக்காட்சியும்

நாடக வரலாறு எழுதுவோர் பனுவலுக்கும் நடிகருக்கும் தரும் இடத்தை ஒப்பனை அறைக்குத் தருவதில்லை. ஆயினும், வேடத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் ஆகும் நேரம் ஓர் அரங்கின் அமைப்பையே மாற்ற வல்லது. பினாங்கில் தோன்றிய பங்சாவான் எனும் மலாய் இசைநாடகம் இதற்குச் சான்றாகும்.

தமிழகத் தெருக்கூத்தில் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியன கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தால் செய்யப்பட்டு, கயிற்றால் உடலோடு இறுகப் பிணைக்கப்படும். ஆட்டத்தில் அவை நழுவா. விரைந்து கழற்றவும் இயலா. வேடம் புனையும் இடைவெளியைக் கட்டியங்காரனின் பாடலும் நகைச்சுவையும் நிரப்பும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்கள் தைத்த உடைகளையும் வரைந்த திரைகளையும் கொணர்ந்தன. அத்தகைய குழுவொன்றின் பொருள்களை வாங்கியே மாமாக் பூசி என்பார் 1885ஆம் ஆண்டளவில் ‘பூசி இந்திரா பங்சாவான்’ குழுவை நிறுவினார் என்பர். தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினரான ஜாவி பெரானாக்கான் சமூகத்தாருக்கு இவ்வரங்கின் வளர்ச்சியில் பங்குண்டு.

அமுக்குப் பொத்தான் செருமனியில் காப்புரிமை பெற்றதும் அதே 1885இல்தான். ஆதலின், தொடக்கக்காலப் பங்சாவான் அதனை நம்பியிருக்க இயலாது. உடைமாற்றத்திற்கு வேண்டிய நேரத்தை முன்திரையே ஈட்டித் தந்தது. திரைக்கு முன்னே பாட்டும் ஆட்டமும் நிகழ, பின்னே காட்சியமைப்பும் உடையும் மாறின. ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ எனப்பட்ட இவ்விடைக்காட்சி 1930களில் தனிக்கவர்ச்சி பெற்றுச் செழித்தது.

முடிச்சவிழ்க்கும் தாமதமும் ஒரு கலை வடிவத்திற்கு வழிவிட்டது எனலாம். எனவே, தையற்காரர், ஒப்பனையாளர் ஆகியோரின் கைத்திறனையும் நாடக வரலாற்றின் ஆவணமாகத் திரட்டுதல் ஆய்வாளர் கடனாகும்.