காணக் கிடைக்காத படங்கள்: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

ஹொலிவூட்டின் தொடக்ககாலப் படங்களுட் பெரும்பாலானவற்றை இன்று காண இயலாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 11,000 மௌனப் படங்களுள் மூலவடிவில் முழுமையாக எஞ்சியவை 14 வீதமே. நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றுவதே இவ்வழிவுக்குக் காரணமென்பர். அது பாதி உண்மை. பேசும்படம் வந்தபின் மௌனப் படத்துக்குச் சந்தை இல்லை. சந்தையிழந்த சுருளில் உடைமையாளர் கண்ட பெறுமதி, உருக்கியெடுக்கத்தக்க வெள்ளி மட்டுமே. யூனிவேர்சல் நிறுவனம் 1948 இல் தன் மௌனப் படங்களைத் தானே அழித்தது. பண்டமாகப் பிறந்தது பண்டமாகவே மாண்டது.

நமது நாட்டின் கதை இதனினும் விசித்திரமானது. 1925 இல் நூர்பாய் தயாரித்த 'றோயல் அட்வென்சர்' பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டதாகவும், இலங்கையில் திரையிடப்படுமுன் அழிந்ததாகவும் கூறுவர். அதில் நடித்தவர் பிற்காலத்து இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா. இலங்கையின் முதற்படத்தை இலங்கையர் காணவேயில்லை.

ஈழத்துத் தமிழ்ப் படங்கள் 'சமுதாயம்' (1962), 'தோட்டக்காரி' (1963) என மெல்லத் தொடங்கின. தமிழகப் படங்களின் விநியோகத்திலேயே இலாபம் இருந்தமையால், உள்ளூர்ப் படங்கள் பெரும்பாலும் சிறு முதலிலும் தனிமனித ஆர்வத்திலும் எழுந்தவை. 1972 இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் காலத்திலேதான், குறிப்பாக 1975க்கும் 1979க்கும் இடையில், அவை தொகையிற் பெருகின. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. இந்நெருப்பை வேதியியலால் விளக்க முடியாது.

இவ்விழப்பின் தன்மையைத் தீவகத்திலிருந்து நோக்கும்போது தெளிவாக அறியலாம். எழுவைதீவு கடற்றொழிலும் பனையும் சார்ந்த சிற்றூர். நகரத் தியேட்டருக்குப் போவதானாலும் முதலிற் படகேறி ஊர்காவற்றுறையை அடைதல் வேண்டும். இத்தகைய மக்களின் வாழ்வே அக்காலப் படங்கள் சிலவற்றுக்கு மூலப்பொருளாயிற்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவில் வாடியமைத்துத் தொழில்செய்ய வரும் மீனவரைப் பற்றியது. பிறேம்நாத் மொறாயிஸ் 1978 இல் அதனைப் படமாக்கினார். அதற்கு முந்திய ஆண்டில், ஊர்காவற்றுறையைச் சேர்ந்த காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா 'பொன்மணி'யை இயக்கினார். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பை நேர்நின்று நோக்கிய அப்படம் வசூலில் தோற்றது; எனினும் என் கணிப்பில் நமது சினிமாவின் மிகத் தீவிரமான முயற்சி அதுவே.

'வாடைக்காற்று' நாவலில் சம்மாட்டிக்கும் கூலித் தொழிலாளிக்கும் இடையிலான உறவு எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என எவரும் வாதிடலாம், நூல் கையிலிருக்கிறது. அவ்வுறவைத் திரைப்படம் கூர்மைப்படுத்தியதா, காதற்கதைக்குள் கரைத்துவிட்டதா என்பதைப் படத்தைப் பாராது எங்ஙனம் கூறுவது? நம் விமர்சகரும் இதிற் பொறுப்பற்றவரல்லர். நாவலையும் நாடகத்தையும் நுணுகி ஆராய்ந்த அவர்கள், உள்ளூர்ச் சினிமாவைப் பெரும்பாலும் பொழுதுபோக்கென ஒதுக்கினர். கா. சிவத்தம்பி 1981 இலேயே தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பூடகமாக ஆராய்ந்தார். ஆயினும் அவ்வாய்வின் களம் தமிழகமே.

சுருள்கள் மீளக் கிடைக்குமெனக் காத்திராது செய்யத்தக்க வேலை உண்டு. அன்றைய பத்திரிகை விமர்சனங்கள், விளம்பரங்கள், பாட்டுப்புத்தகங்கள், வசனப் பிரதிகள் ஆகியன தொகுக்கப்படல் வேண்டும். நடித்தோரின் நினைவுகளோடு, படம் பார்க்கக் கடல் கடந்து சென்ற தீவுப்பகுதி முதியோரின் நினைவுகளும் ஒலிப்பதிவாதல் வேண்டும். அம்முதியோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.