பால் விலையும் பெரட்டுக்களமும்: பாலோ வட்டாரத்திலிருந்து ஒரு விலை வரலாறு



மலேசியப் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. பயனீட்டாளர் விலைக் குறியீடு நமக்குப் பழக்கமானது. கடையில் நாம் கொடுக்கும் விலையை அளப்பது அது. உற்பத்தியாளர் விலை அதற்கு முந்திய படி. விளைவித்தவரும் செய்தவரும் தம் வாசலில் கைநீட்டி வாங்கும் விலை. இந்தக் குறியீட்டின் எடையில் தொழிற்சாலைப் பொருள்கள் 80 விழுக்காட்டைத் தாண்டும், விவசாயம் 10 விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் குறியீடு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ, காரணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் செம்பனைக் குலையிலும் பெட்ரோலிய எண்ணெயிலும்தான் போய் நிற்கிறார்கள்.

இதை இப்படியே வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால் பாலோ போன்ற ஊரில் இதற்கு வேறு வாசல் உண்டு. குறியீடு என்ற சொல் வருவதற்கு முன்பே, "பால் வெல எறங்கிருச்சாம்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அடுத்த மாதச் சம்பளமும், மளிகைக் கடைக் கடனும், ஊருக்குக் கப்பலேறுவதா இருப்பதா என்ற கேள்வியும் அடக்கம்.

பாலோ, குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையோரம் இருக்கும் சிறு ஊர். வடக்கிலிருந்து வந்தால் லாபிஸ், பெக்கோக், பாலோ, பிறகு குளுவாங். கிம்மாஸிலிருந்து ஜொகூர்பாரு வரையிலான இந்தப் பாதை 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மறு ஆண்டே லண்டன் சந்தையில் ரப்பர் ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காட்டுக்குள் தண்டவாளம் வந்த நேரமும் ரப்பர் தங்கமான நேரமும் ஒன்றாய் அமைந்துவிட்டன. காடு அழிந்து ரப்பர் எழுந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் இந்தியர்களுக்கு முடிவுக்கு வர, கங்காணிமார் தமிழ் மாவட்டங்களுக்கு ஆள் கூட்டப் போனார்கள். பயணச் செலவுக்கு 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி இருந்தது. அதில் முதலாளிகள் பணம் கட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய கூட்டத்தை இழுத்து வந்தது, சுருக்கமாகச் சொன்னால், அந்த 12 ஷில்லிங்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் காட்டலாம். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறு ஏழு வருஷம் ஆகும். 1910-இன் விலையைப் பார்த்து நட்டவனுக்கு 1916, 1917 வாக்கில்தான் பால் இறங்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டதால் எல்லார் பாலும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தது. முதல் உலகப் போர் முடிந்து கொஞ்ச நாளில், 1920-21-இல், விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போனது. விலையைப் பார்த்து நட்டால் பால் வரும்போது விலை இருப்பதில்லை. மரப்பயிர்களின் விலை அலை அலையாக ஆடுவதற்கு இந்தத் தாமதம் பெரிய காரணம். செம்பனைக்கும் இது பொருந்தும், அங்கே காத்திருப்பு மூன்று வருஷம் போல.

விலையைத் தூக்கிப் பிடிக்க 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுக்காரர்களின் இந்தோனேசியத் தீவுகள் சேரவில்லை. இங்கே கட்டிப்போட்டதை அங்கே வெட்டி விற்றார்கள். 1925-இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது, அமெரிக்கா கொதித்தது, ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் சொந்தத் தோட்டம் போடக் கிளம்பினார். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னாலேயே பொருளாதார மந்தம். 1932-இல் ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே வந்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அப்படியானால் 1910-இன் உச்சத்தில் எத்தனை பங்கு மிஞ்சியது? எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளையே இதைப் போட்டுவிடும்.

சரி, கூலி என்ன ஆனது? 1920-களின் கடைசியில் மலாயாவில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் அது 40-க்கும் 32-க்கும் குறைக்கப்பட்டது. மந்தம் முற்றியபோது இன்னும் கீழே போனது. இந்த இரண்டு ஜோடி எண்களையும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நாலு பங்கு. விலை புரண்டது, கூலி வெட்டுப்பட்டது, அந்த விகிதம் மட்டும் ஆணியடித்த மாதிரி அப்படியே இருந்தது. இத்தனைக்கும் அதே நிரையில், அதே இருட்டில், அதே மரத்தை வெட்டியவர்கள் அவர்கள். வீடு திரும்பிச் சமையல் தனி.

கூலியைக் குறைத்தும் கணக்கு நேராகவில்லை. ஆட்களையே குறைத்தார்கள். மந்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரசாங்கச் செலவில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதைத்தான் நம் பாடநூல்கள் போகிறபோக்கில் தாண்டிவிடுகின்றன என்று எனக்கு வருத்தம். விலை ஏறினால் ஆளைக் கூட்டு, இறங்கினால் ஆளைக் கழி. 1925-இல் விலை பல மடங்கு ஏறியபோது கூலி அதே மடங்கில் ஏறியதில்லை. 1932-இல் இறங்கியபோது முதல் அடி கூலிக்குத்தான். ஏற்றம் லண்டன் பங்குதாரர் வீட்டுக்குப் போனது, இறக்கம் லயத்துக்கு வந்தது.

1934-இல் பல நாடுகள் சேர்ந்த புதிய கட்டுப்பாட்டு ஒப்பந்தம் விலையை ஓரளவு நிமிர்த்தியது. 1938-இல் மறுபடி சரிவு, மறுபடி கூலிக் குறைப்புப் பேச்சு. இந்தத் தடவை இந்திய அரசாங்கம் அந்த ஆண்டு ஜூனில், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்துவிட்டது. ஆள் வரத்துக் குழாய் அந்தப் பக்கமிருந்தே மூடப்பட்டது.

கொரியப் போரின் கதை பெரியவர்கள் வாயில் இன்னும் உண்டு. 1949-இல் ராத்தலுக்குச் சராசரி 38 காசு. 1950 ஜூனில் போர் வெடித்தது. 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. 1953-இல் 70 காசுக்குக் கீழே. அவசரகாலம் வேறு, லயங்களைச் சுற்றி முள்வேலி. அந்த வேலிக்கும் அதைக் காத்த படைக்கும் ஆன செலவில் ஒரு பங்கு ரப்பர் ஏற்றுமதி வரியிலிருந்துதான் வந்தது.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; பி. பி. நாராயணன் அதன் முகமானார். அந்தக் காலக் கூலி ஒப்பந்தங்கள் ரப்பர் விலையோடு கூலியைக் கட்டின. விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மரம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை, நிலமும் இல்லை, எப்போது விற்பது என்ற முடிவும் அவர் கையில் இல்லை; மழை பெய்தால் அன்றைய வெட்டும் போச்சு. சந்தை ஆட்டத்தில் மட்டும் பங்கு. என் கணிப்பில் அது அரை வெற்றி. ஆட்டத்திலிருந்து வெளியேற நிலம் வேண்டும் என்று வேறொரு வழியில் யோசித்தவர் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நாளில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பிறகு செம்பனை. இதில் குளுவாங் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. செம்பனைப் பூவுக்கு ஆட்களே கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்த காலத்தில், கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு 1981-இல் குளுவாங் பமோல் தோட்டத்தில் விடப்பட்டது. அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, செலவு குறைந்தது. டன் விலை இறங்கினாலும் தோட்டம் தாக்குப்பிடிக்க முடிந்தது. மகரந்தம் தூவிப் பிழைத்தவர்கள் வேறு வேலை தேடினார்கள்.

செம்பனை எண்ணெயின் ஆட்டமும் லேசில்லை. 2008 மார்ச்சில் டன் 4000 வெள்ளியைத் தாண்டி, அதே வருஷக் கடைசியில் 1500-க்கும் கீழே. 2022 மார்ச்சில் 7000-க்கு மேல். செப்டம்பருக்குள் 4000-க்குக் கீழே. உச்சத்தில் இருந்தபோதே வெளிநாட்டு ஆள் பற்றாக்குறையால் பல தோட்டங்களில் குலைகள் அழுகிக் கிடந்தன. சிறு தோட்டக்காரருக்குக் கணக்கு இப்படி: குலையில் எண்ணெய் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள். உதாரணத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு 40 வெள்ளி, எண்ணெய் 20 விழுக்காடு என்றால் டன் குலை 800 வெள்ளி. பழுக்காத குலையைப் போட்டால் விழுக்காடு அடிபடும்.

2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது, தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2025-இல் 1700. சந்தை எவ்வளவு விழுந்தாலும் சம்பளம் அதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் போட இத்தனை காலம் ஆனது. அது வந்தபோது நிரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் இல்லை, வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும்.

வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். கரும்பலகையில் 1910, 1921, 1925, 1932, 1938, 1951, 1981, 2008, 2022 என்று ஆண்டுகளை வரிசையாக எழுதி, மேலே விலையின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையுங்கள். கீழே பிள்ளைகள் தங்கள் குடும்பக் கதையை நிரப்பட்டும்: தாத்தா எப்ப வந்தாரு, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு மாறினாங்க, அப்பா எப்ப ஜொகூர்பாருவுக்கு வேலைக்குப் போனாரு. வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆண்டு நினைவில்லை என்பார், "பால் வெல ஏறுன வருஷமா, எறங்குன வருஷமா பாட்டி?" என்று கேட்கச் சொல்லுங்கள்.