எல்லையோர ஊர்கள் – 14
கண்டிகையும் கண்ட்ரிகவும்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற பஸ்ஸில் ஏறி ‘கே.ஜி.கண்டிகை ஒண்ணு’ என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துத் தருவார். இந்த வட்டாரத்தில் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் உண்டு. பக்கத்திலிருக்கும் ஆர்.கே.பேட்டையின் முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. கார்வேட்டிநகரம் ஜமீனை ஆண்ட ராஜுக்களின் காலம் அந்தப் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜமீன் போய்விட்டது, இரண்டு எழுத்து மிச்சம்.

‘கண்டிகை’ என்ற சொல்லும் சும்மா வந்ததல்ல. நிலத்தின் ஒரு பிரிவு, ஒரு துண்டு என்று அதற்குப் பொருள். திருவள்ளூர் மாவட்டத்தில் கண்டிகை என்று முடியும் ஊர்கள் நிறைய. எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் அதே சொல் ‘கண்ட்ரிக’ ஆகிவிடும். சச்சின் டெண்டுல்கர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது தத்தெடுத்த, அப்போதைய நெல்லூர் மாவட்டக் கிராமத்தின் பெயர் புட்டம்ராஜுவாரி கண்ட்ரிக. சொல் ஒன்றுதான், நாக்குதான் வேறு. இந்த வாரக் கதையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த பஸ் புறப்படும் திருத்தணிக்கு வருகிறவர்கள் நேராக முருகன் மலைக்குப் போகிறார்கள். 365 படி. ஆண்டின் நாட்களுக்கு ஒவ்வொன்றாக என்று கணக்கு. சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை. அதனால்தான் மற்றப் படைவீடுகளில் அமர்க்களப்படும் சூரசம்ஹாரம் இங்கே கிடையாது. அன்றைக்கு இங்கே பூவால் அர்ச்சனை. கோபம் தீர்ந்தவன் வீட்டில் சண்டைக் காட்சி எதற்கு என்று யாரோ நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

இங்கே மயில் மட்டுமல்ல, யானையும் வாகனம். தெய்வானையைக் கட்டிக்கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீதனமாக அனுப்பினானாம். யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் குறையத் தொடங்கவே, முருகன் அதை இந்திரன் இருக்கும் திசை பார்த்து நிற்க வைத்தான் என்பது கதை. சந்நிதிக்கு முதுகைக் காட்டி நிற்கும் யானையைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இதுவே விடை. சந்தனம் அரைக்கும் கல்லும் அந்தச் சீதனத்தில் வந்ததுதான் என்பார்கள். பெண்ணோடு அம்மி அனுப்புவது நம் ஊர் வழக்கம். தேவலோகத்திலிருந்து சந்தனக்கல்.

இசைக்காரர்களுக்குத் தணிகை வேறொரு காரணத்தால் முக்கியம். காசியிலிருந்து திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர் இங்கே வந்து தியானத்தில் இருந்தபோது, ஒரு கிழவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டார் என்று சொல்வார்கள். தீட்சிதர் பாடிய முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளையில் பிறந்தது, ‘குருகுஹ’ முத்திரையும் அதிலிருந்தே தொடங்குகிறது. அருணகிரிநாதர் அதற்கு முன்பே இந்த மலைமேல் திருப்புகழ்களைக் கொட்டிவிட்டார். டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடிக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஜனவரி முதல் தேதியன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல ஓடியவர்களை, முதலில் தணிகை துரையைப் பார்க்க வாருங்கள் என்று திருப்பிவிட்டார். எனக்குத் தெரிந்து சலாம் போடும் வழக்கத்துக்கு இதைவிட நயமான பதில் கொடுக்கப்படவில்லை.

இவ்வளவும் மேலே. கீழே இறங்கியதும் பெரும்பாலோர் பஸ் பிடித்துவிடுகிறார்கள். என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊருக்குள் நந்தியாற்றை ஒட்டி வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டு அட்ட வீரட்டானங்களில் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம், அந்த எட்டும் வேறு. யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த விமானம், தூங்கானை மாடம் என்பார்கள். முழுக்கக் கல். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டியது. கட்டியவரைப் பாராட்டி ஒரு வெண்பா கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வெண்பாவைப் பாடியது அரசனே என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

புலவர்கள் அரசனைப் பாடிப் பொன் வாங்கிய செய்தி நமக்குப் பழக்கம். அரசன் உட்கார்ந்து, தன் நாட்டில் கோயில் கட்டிய ஓர் ஆளுக்காகத் தளை தட்டாமல் வெண்பா எழுதினான் என்பது எத்தனை அபூர்வம்! அதுவும் செப்பேட்டு முகப்பில் வடமொழிக் கவிதையை வைத்த பல்லவர் மரபில் வந்தவன், தமிழில்.

பாவம், அவன்தான் காஞ்சிப் பல்லவரில் கடைசிப் பெயர். சோழன் முதலாம் ஆதித்தன் யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து கொன்றான் என்று வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. தொண்டை மண்டலம் சோழர் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 1977இல், திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரியில் செப்பேடுகள் கிடைத்தன. இரண்டு தொகுதி. ஒன்று அபராஜிதனுடையது, தணிகை முருகனுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்வது. மற்றொன்று முதலாம் பராந்தகனுடையது, அதாவது அபராஜிதனைக் கொன்ற ஆதித்தனின் மகனுடையது. தொல்லியல் துறை இயக்குநராக இருந்த இரா.நாகசாமி இரண்டையும் படித்துப் பதிப்பித்தார். தோற்றவன் எழுதிக்கொடுத்ததும் வென்றவன் மகன் எழுதிக்கொடுத்ததும் ஒரே ஊரில் பத்திரமாக இருந்திருக்கின்றன. ஆட்சி மாறியதென்று பழைய பட்டயத்தை யாரும் உருக்கிவிடவில்லை. எல்லையோரத்துக்காரர்களுக்கு இந்தப் புத்தி எப்போதும் உண்டு: யார் ஆண்டாலும் பத்திரத்தைப் பத்திரமாக வை.

அந்தப் புத்தி பின்னால் நிறையவே தேவைப்பட்டது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து இதுவும் போயிற்று. ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கின, இன்றும் அப்படித்தான். பள்ளிகளில் தமிழுக்கு இடம் சுருங்கியதைக் கண்டு, கிராமம் கிராமமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மங்கலங்கிழார். திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரித் தமிழரசுக் கழகத்தோடு ம.பொ.சி. களம் இறங்கினார், அவருக்குத் தளபதியாக நின்றவர் வழக்கறிஞர் கே.விநாயகம். போராட்டத்தில் சிறை சென்ற திருவாலங்காடு கோவிந்தசாமி, பழனி மாணிக்கம் இருவரும் உயிரை விட்டார்கள்.

எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் நடுவராக வந்தார். 1959இல் எல்லையை மாற்றும் சட்டம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு போன்ற பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூரில் சேர்ந்ததும் ஏப்ரல் முதல் தேதி, பிரிந்ததும் ஏப்ரல் முதல் தேதி, நடுவே சரியாக 49 ஆண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது டில்லியில் குடியரசுத் துணைத் தலைவர். அவர் அங்கே இருக்க, அவர் பிறந்த ஊர் மாநிலம் மாறிவிட்டது.

பிரான்சில் அல்சாஸ் என்றொரு எல்லைப் பகுதி. 1871இல் ஜெர்மனியோடு சேர்ந்து, முதல் உலகப்போர் முடிந்ததும் திரும்பி, 1940இல் மறுபடி ஜெர்மனி பிடித்து, 1945க்குள் மீண்டும் பிரான்சுக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு முறையும் பீரங்கி வந்தது. இங்கே ஊர்வலம், தடியடி, சிறை, கடைசியில் ஒரு நடுவர். இரண்டு உயிர் போனதை மறக்காமல் சொல்கிறேன், அல்சாஸோடு ஒப்பிட்டால் நாம் நாகரிகமாகவே நடந்துகொண்டோம்.

திருத்தணிப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒரு பாட்டி, வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமலே வட ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு என்று மூன்று மாவட்டம் பார்த்திருப்பாள். 1997இல் பிறந்த திருவள்ளூரையும் சேர்த்தால் நான்கு.

கே.ஜி.கண்டிகை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் ‘சித்தூர் ஜில்லா’ என்று தலைப்பிட்ட பழைய கிரயப் பத்திரமோ, கார்வேட்டிநகரம் ஜமீன் ரசீதோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் திருவாலங்காடு.