கைதியின் வீரமும் சாட்சியத்தின் வரம்பும்: இறந்த போர்க்கைதிகளுக்கு வீரப் பதக்கம் கோருதல் – கொங்கு நாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போர்க்களத்தில் வீழ்ந்தவருக்கு வீரப் பதக்கம் வழங்கும் அரசுகள், எதிரியின் சிறையில் உறுதி குலையாது மாண்டவருக்கு அதனை அரிதாகவே வழங்கியுள்ளன. இதற்கான காரணத்தை விருது விதிகளிலும் சாட்சியத்தின் இயல்பிலும் இக்கட்டுரை தேடுகிறது. கேப்டன் மதீன் அகமது அன்சாரி, சுபேதார் ஜோகிந்தர் சிங், மேஜர் தன் சிங் தாப்பா ஆகியோரின் நேர்வுகள் இங்கு ஒப்பிடப்படுகின்றன. அதன்வழி, இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு மாண்ட ஒரு கொங்கு நாட்டு வீரருக்கு இன்று பதக்கம் கோர இயலுமா என்னும் வினாவுக்கு விடை காணப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போர்க்கைதி, வீரப் பதக்கம், சாட்சியம், ஜார்ஜ் கிராஸ், பரம்வீர் சக்கரம், கொங்கு நாடு

முன்னுரை

சிறைப்பட்ட வீரனின் மதிப்பு என்னும் சிக்கல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. கரூரையும் கொங்குப் பகுதியையும் ஆண்ட இரும்பொறை மரபின் பெயரைத் தாங்கிய சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறை வைக்கப்பட்டான். கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்தபோது அதனைப் பருகாமல் உயிர்விட்டான் என்று புறநானூற்று 74ஆம் பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது. பொய்கையாரின் களவழி நாற்பதால் அவன் மீட்கப்பட்டான் என்னும் மரபும் உண்டு. இவ்விரண்டில் எதனை ஏற்பினும் ஓர் உண்மை மாறுவதில்லை. களத்தில் தோற்றவன் சிறையில் காட்டிய மானத்தால் நினைக்கப்படுகிறான். அந்நினைவுக்கு ஆதாரம் அவன் பெயரிலேயே நிற்கும் பாடல்.

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளில் நடுகல் மரபை வகுக்கிறது. அது களத்தில் பட்டவனுக்கு உரிய சிறப்பு. சிறையில் இறந்தவனுக்குக் கல் இல்லை. சொல் மட்டுமே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இராணுவ விருதுகளிலும் இவ்வேறுபாடு தொடர்வதைக் காணலாம்.

1. விருது விதியும் சிறையும்

1856இல் நிறுவப்பட்ட விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் ஆற்றிய வீரச் செயலுக்கு உரியது. சரணடைந்தபின் கைதி எதிரியின் பிடியில் இருக்கிறான். ஆயினும் விதி கருதும் போர்முனை அங்கு இல்லை. 1940 செப்டம்பர் 24 அன்று நிறுவப்பட்ட ஜார்ஜ் கிராஸ் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. போர்முனைக்குரிய விருதுகள் பொருந்தாத சூழல்களில் காட்டப்படும் உச்ச வீரத்திற்கு அது உரியதாயிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. மிலிட்டரி கிராஸ், மிலிட்டரி மெடல் போன்ற இடைநிலை விருதுகளை இறந்தவருக்கு வழங்கப் பிரித்தானிய முறையில் 1979 வரை இடமில்லை. உயிர் மீண்ட கைதி ஒருவருக்கு இடைநிலைப் பதக்கம் கிடைக்கலாம்; அதே செயலைச் செய்து இறந்தவருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. ஆகவே, சிறையில் மாண்ட வீரர் மிக உயர்ந்த விருதுக்குரிய சான்றுகளைக் கொண்டிருந்தாலன்றி விருதுப் பட்டியலில் இடம்பெறுவது அரிதாயிற்று.

2. அன்சாரியும் சுப்பிரமணியனும்: சாட்சி தப்பிய நேர்வுகள்

ஹைதராபாத்தைச் சேர்ந்த கேப்டன் மதீன் அகமது அன்சாரி 7ஆம் ராஜ்புத் ரெஜிமெண்டின் 5ஆவது பட்டாலியனில் பணியாற்றினார். 1941 டிசம்பர் 25 அன்று ஹாங்காங் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். நிஜாம் குடும்பத்துடன் அவருக்கிருந்த உறவை அறிந்த ஜப்பானியர், பிரித்தானிய அரசுமீது அவர் கொண்ட பற்றைக் கைவிடச் செய்யவும் அவர்வழியே பிற இந்தியக் கைதிகளைத் தம்பக்கம் ஈர்க்கவும் முயன்றனர். பட்டினியும் வதையும் பயன் தரவில்லை. கைதிகள் தப்பிச் செல்வதற்கு அவர் தொடர்ந்து உதவினார். மரணதண்டனை விதிக்கப்பட்டு, 1943 அக்டோபரில் முப்பதுக்கும் மேற்பட்டோருடன் கொல்லப்பட்டார். 1946 ஏப்ரலில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது.

அன்சாரியின் செயல்கள் ஆவணமானதற்குச் சூழலும் துணை நின்றது. அவர் அதிகாரி, உயிர் பிழைத்த கைதிகள் பலர் அவரை அறிந்திருந்தனர், முகாம்களுக்கு வெளியே கர்னல் லிண்ட்சே ரைடு நிறுவிய பிரிட்டிஷ் ராணுவ உதவிக் குழுவும் கைதிகளுடன் மறைவான தொடர்பு வைத்திருந்தது. போர் முடிந்தவுடன் அவர்களின் கூற்றுகள் திரட்டப்பட்டன. மலாயாவில் வதைபட்டும் உறுதி குலையாத கேப்டன் மஹ்மூத் கான் துரானி உயிருடன் மீண்டு, அதே ஆண்டில் அதே விருதைப் பெற்றார்.

தமிழகத்து நேர்வு ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்து மாண்டார். ஜூன் 30 அன்றே ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவரால் உயிர் பிழைத்தவர்களே அவருக்குச் சாட்சிகளாயினர். சிறைமுகாமில் தனித்து மாண்ட சிப்பாய்க்கு இவ்வாய்ப்பு இல்லை.

3. 1962: சிறைக்கு முந்தைய பொழுது

சுதந்திர இந்தியாவின் பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தவையாகக் கொள்ளப்பட்டன. 1962 அக்டோபர் 23 அன்று 1ஆவது சீக்கியப் பட்டாலியனின் சுபேதார் ஜோகிந்தர் சிங் வடகிழக்கு எல்லையில் தம் சிறு படையுடன் சீனரின் தொடர் தாக்குதலை எதிர்த்துப் போரிட்டு, காயமுற்றுச் சிறைப்பட்டு, காவலிலேயே இறந்தார். அவருக்கு மறைவுக்குப்பின் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. லடாக்கின் சிரிஜாப்பில் போரிட்ட மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு அவருக்கும் அவ்வாறே பரம்வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. அவர் சீனச் சிறையில் உயிருடன் இருந்தது பின்னரே தெரிந்தது.

ஒருவர் சிறையில் இறந்தார். மற்றவர் சிறையிலிருந்து மீண்டார். பதக்கமோ இருவருக்கும் ஒன்றே. சிறைப்படுமுன் அவர்கள் போரிட்ட பொழுதை மட்டுமே அது அளந்தது. 2019இல் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானுக்கு வழங்கப்பட்ட வீர் சக்கரமும் முதன்மையாக வான்போருக்கு உரியது. எனினும் அதன் பாராட்டுரையில் சிறையில் அவர் காத்த கண்ணியமும் இடம்பெற்றது. அமெரிக்கா இதனினும் முன்சென்றது. வியட்நாமில் சிறைப்பட்டு 1965இல் கொல்லப்பட்ட கேப்டன் ஹம்பர்ட் வெர்சாச்சிக்கு, சிறையில் காட்டிய உறுதிக்காகவே 2002இல் அந்நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் வழங்கப்பட்டது. நண்பர்களின் நெடுநாள் முயற்சியும் உடன் சிறையிருந்தோரின் வாக்குமூலங்களும் அதற்கு வழிவகுத்தன.

4. சிறைவாசத்தின் இரு மதிப்புகள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சேராதோரில் பெருந்தொகையினர் நியூகினி, நியூ பிரிட்டன் முதலிய தீவுகளுக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். லே, ரபவுல் போர்க் கல்லறைகளில் உள்ள இந்தியக் கல்லறைகள் அதற்குச் சான்று.

நாடு விடுதலை பெற்றபின் முதல் பிரிவினருக்கு உரிய இடம் கிடைத்தது. 1972இன் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் அவர்களை உள்ளடக்கியது. அத்திட்டத்தில் குறைந்தது ஆறுமாதச் சிறைவாசமே பொதுவான தகுதிகளுள் ஒன்று என்பது கருதத்தக்கது. விடுதலைப் போராட்டத்தில் சிறை தகுதியாகிறது. இராணுவ விருதில் சிறை தகுதியாவதில்லை. சேர மறுத்து உழைப்பு முகாமில் மாண்டவர் இவ்விரு கணக்குகளுக்கும் வெளியே நிற்கிறார். அவர் மறுத்தது பேரரசுப் பற்றாலா, படைச் சத்தியத்தாலா, எதிராளிமீதான ஐயத்தாலா என்பதைப் பெரும்பாலான நேர்வுகளில் அறிய இயலாது. அதனை அறியாமல் அவரை அடிமை மனத்தினர் எனத் தள்ளுவதும் முறையன்று. வீரர் எனத் தீர்ப்பதும் முறையன்று.

5. கொங்கு நாட்டு நேர்வுகளை அணுகும் முறை

ஒரு கொங்குக் குடும்பம் அத்தகைய வீரருக்கு இன்று பதக்கம் கோரினால், அக்கோரிக்கை இரு வாயில்களிலும் தடைபடும். நிகழ்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட செயல்களுக்குப் புதிய விருதைப் பரிசீலிப்பதில்லை என்பது பிரித்தானிய அரசின் நெடுநாள் கொள்கை. இந்தியச் சக்கரங்களோ 1947 ஆகஸ்ட் 15க்கு முற்பட்ட செயல்களை உள்ளடக்குவதில்லை. 1943இல் மாண்டவர் இரண்டு அரசுகளின் கால வரம்புகளுக்கும் இடையே விடுபட்டுப் போகிறார். 1942இல் மாண்ட கடற்படை வீரர் டெடி ஷீனுக்கு ஆஸ்திரேலியா 2020இல் தன் விக்டோரியா கிராஸை வழங்க முடிந்தது. அவர் போர்க்கைதி அல்லர். ஆயினும் பழைய நேர்வுகளை மறுஆய்வு செய்யும் தீர்ப்பாயம் ஒன்று அங்கு இருந்ததே வேறுபாடு.

வீரப் பதக்கத்திற்கும் பணிப் பதக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கு இன்றியமையாதது. மலாயாப் போரில் பணியாற்றியோருக்கு உரிய பசிபிக் ஸ்டார் போன்றவற்றுக்குப் பரிந்துரையோ சாட்சியோ வேண்டுவதில்லை, பணிப்பதிவே போதும். குடும்பத்தாரின் நினைவில் இரண்டும் 'மெடல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், வாய்மொழித் தரவுகளைப் பயன்படுத்துவோர் முதலில் இதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

அடுத்தது இடப்பெயர்ச் சிக்கல். போர்க்கால ஆவணங்களில் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்பது இன்றைய மாவட்டத்தைக் குறிப்பதன்று. ஈரோடு, பவானி, கோபிசெட்டிபாளையம், தாராபுரம், அவினாசி, பல்லடம் ஆகியவை அதனுள் அடங்கின. 1956இல் மைசூர் மாநிலத்துடன் இணைந்த கொள்ளேகாலமும் அதில் இருந்தது. ஈரோடு மாவட்டம் 1979இலும் திருப்பூர் மாவட்டம் 2009இலும் பிரிந்தன. நாமக்கல், திருச்செங்கோடு வீரர்களைச் சேலம் மாவட்டத்தின்கீழும், கரூர் வீரர்களைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின்கீழும் தேட வேண்டும். பழனிச்சாமி, ராமசாமி போன்ற பெயர்கள் மிகுதி. ஆங்கில எழுத்துப்பெயர்ப்பும் ஒருசீரானதன்று. ஆதலால் படை எண், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி அடையாளத்தை உறுதிசெய்தல் கூடாது. உடல் கிடைக்காத தரைப்படை, வான்படை வீரர் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னம் இத்தேடலுக்குரிய முதன்மையான தொடக்கமாகும்.

முடிவுரை

மேற்கண்ட நேர்வுகள் ஒரு முடிவை நோக்கி இட்டுச் செல்கின்றன. சிறையில் காட்டப்பட்ட வீரம் அச்சிறையிலிருந்து வெளிவந்த சாட்சியத்தின் அளவுக்கே அங்கீகரிக்கப்பட்டுள்ளது. அன்சாரிக்கு உடன் கைதிகள் இருந்தனர், வெர்சாச்சிக்கும் இருந்தனர், கணைக்கால் இரும்பொறைக்குப் பாடல் இருந்தது. பதக்கம் பெறாமை வீரமின்மைக்குச் சான்றாகாது என்பதைப் போலவே, பெயரறியா முகாமில் இறந்தமை மட்டுமே பதக்கத்திற்குரிய சான்றாகவும் ஆகாது.

எனவே கொங்கு நாட்டு ஆய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணி பதக்க மனுவன்று, பெயர்ப் பதிவு. வட்டவாரியாகச் சிறைப்பட்டோர், மீண்டோர், மாண்டோர் பட்டியல் தொகுக்கப்பட வேண்டும். மாண்டோரின் பெயரும் ஊரும் பிழையின்றி நினைவுச்சின்னப் பதிவேடுகளில் இடம்பெறச் செய்ய வேண்டும். வீடுகளில் எஞ்சியுள்ள கடிதம், ஓய்வூதியத் தாள், பணிப் பதக்கம் ஆகியன படியெடுக்கப்பட வேண்டும். மீண்டு வந்தோரிடம் நேரில் கேட்கும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது; அவர்களிடம் கேட்டறிந்த மக்களும் முதுமை எய்திவிட்டனர். என்றேனும் ஓர் அரசு இவர்களுக்காக வாயில் திறக்குமாயின், அன்று தேவைப்படும் சாட்சியம் இவர்களிடமிருந்தே கிடைத்தாக வேண்டும்.